பச்சைத் தரை

மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். கூலியாட்கள் மருதமரத்தடியில் தூக்குச்சட்டிகளைத் திறந்துவைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் மட்டும் கரையில் நின்று, காலையிலிருந்து அறுத்து இழுத்த இடம் எவ்வளவு தேறும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். அப்போதுதான் கண்மாயின் நடுவில் ஏதோ உடைந்தது.

பெரிய சத்தமில்லை. சொடக்குத் தக்காளியை நெற்றியில் அடித்தால் வருமே, அந்த மாதிரி. டப்.

கண்மாயை மூடிக் கிடந்த வெங்காயத்தாமரையில் ஒவ்வொரு இலைக்கும் கீழே சின்ன வெங்காயம்போல உப்பிய காம்பு ஒன்று உண்டு. உள்ளே வெறும் காற்று. அந்தக் காற்றுதான் செடியைத் தண்ணீரில் மிதக்கவைக்கிறது. மிதித்தால் டப்பென்று உடையும். தானாக உடைந்து அவன் பார்த்ததில்லை.

டப். ஓர் எட்டுத் தள்ளி இன்னொன்று. டப்.

நீர்க்கோழியாக இருக்கும் என்று நினைத்தான். நீர்க்கோழிக்கு அவ்வளவு கனம் ஏது என்ற நினைப்பும் கூடவே வந்தது. இலைகளுக்கு மேலே எதுவும் தெரியவில்லை. மலைப் பக்கத்திலிருந்து வருகிற காற்றும் அன்றைக்கு இல்லை; இரண்டு ஏக்கர் பச்சையும், அதன்மேல் ஊதாப் பூக்களும், வெயிலில் அசையாமல் கிடந்தன. கரையில் இழுத்துப் போட்ட செடிகளின் கறுத்த வேர்களிலிருந்து சேறும் அழுகலும் கலந்த வாடை கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவன் நின்ற திசையை நோக்கி நிதானமாக வந்து, ஆட்கள் அறுத்துத் திறந்துவிட்டிருந்த தண்ணீரின் விளிம்பில் நின்றது. அந்த இடத்தில் இரண்டு இலைகள் மட்டும் தண்ணீருக்குள் அமுங்கியிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் மெல்ல மேலே எழும்பின.

அன்றைக்கு ஆவுடையப்பன் கஞ்சி குடிக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் வருசத்துத் தை மாதம் அது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், காட்டிலாகா எல்லைக்குள் இருந்தது அத்தியடிக் கண்மாய். ஆவுடையப்பன் அங்கே வாட்சர். மிளாவும் மானும் இறங்கித் தண்ணீர் குடிக்கிற இடம்; ஒரு காலத்தில் நாரைகள் மருதமரம் முழுக்க வெள்ளை பூத்ததுபோல உட்கார்ந்திருக்கும். செடி மூடிய பிறகு பறவைகள் வருவது நின்றுபோனது. கார்த்திகையில் ஒரு மிளாக்குட்டி தரையென்று நினைத்துக் கால் வைத்து, கரையிலிருந்து பத்தடியில் மாட்டிச் செத்தது. அதைப் பார்த்த பிறகுதான் பாரஸ்டர் ராஜரத்தினம் மேலே எழுதிப்போட்டு, மகாராஜபுரத்திலும் கான்சாபுரத்திலும் ஆள் பிடித்து, ராஜபாளையத்திலிருந்து மூங்கில் ஏற்றிவந்து வேலையைத் தொடங்கினார்.

அவர் விவரமானவர். மூங்கிலைக் கயிற்றில் கோத்து வேலிபோல மிதக்கவிட்டு, செடி காற்றில் நகராதபடி தடுக்கச் சொன்னார். அறுத்த செடியைத் தண்ணீரோரம் போடாமல் கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் காயவைத்துக் கொளுத்தச் சொன்னார். பூத்ததை முதலில் எடுக்க வேண்டும், விதை சேற்றுக்குள் வருசக்கணக்கில் உறங்கும் என்றார். ஒரு கணு மிச்சமிருந்தாலும் இரண்டு மாதத்தில் பழையபடி மூடிவிடும் என்று தினமும் சொல்லுவார். வேலை தொடங்குமுன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, முடியாது என்றால் வேறு பீட்டுக்கு மாற்றிவிடுகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தார். ஆவுடையப்பன் தலையை மட்டும் ஆட்டினான். அந்தச் செடியை அழிப்பது தன் கையால்தான் நடக்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

காரணம், அதைக் கொண்டுவந்ததே அவன்தான்.

ஐந்து வருசத்துக்கு முன்னால் மதுரைக்கு ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, வழியில் ஒரு கண்மாய் முழுக்க ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது. பஸ் டீ குடிக்க நின்ற இடத்தில் இறங்கி, மகள் சீனியம்மாளுக்குக் காட்டலாம் என்று ஒரே ஒரு செடியைப் பிடுங்கி வயர்கூடையில் போட்டுக்கொண்டான். அவளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் விட்டார்கள். ஆறே மாதத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. வேலுத்தாய், அவன் மனைவி, கொசு வருகிறது, எடுத்துத் தீயில் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அவன் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளினான். ஈரச்செடி எரியாது, காயப்போட வேண்டும், அலுப்பாக இருந்தது. முப்பது எட்டு நடந்து கண்மாய்க்குள் வீசிவிட்டு வந்து, கொளுத்தியாயிற்று என்று சொன்னான்.

சீனிக்கு ஒன்பது வயதான மார்கழியில், ஒரு விடியற்காலம், அவள் கரையோரம் குத்தவைத்துக் காம்புகளை ஒவ்வொன்றாக உடைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் சட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவது அவள் காதில் விழுந்தது. பிறகு நின்றது. நிமிர்ந்து பார்த்தபோது பச்சை மட்டும் இருந்தது, ஓட்டை கிழிசல் எதுவும் இல்லாமல். மூன்று நாள் தேடினார்கள். முங்கியவர்கள் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே கை நீட்டினால் கை தெரியவில்லை என்றார்கள். பிள்ளை கிடைக்கவில்லை. கொண்டுபோய்ப் புதைக்கக்கூட எதுவும் இல்லை.

வெள்ளத்தில் அடித்துவந்த செடி என்று ஊரார் சொன்னார்கள். ஆவுடையப்பன் மறுக்கவில்லை. வேலுத்தாயிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானமும் சத்தம் வந்தது. அதற்கு மறுநாளும். கூலியாட்கள் கரையேறி, தண்ணீர் அமைதியானதும் எங்கிருந்தோ கிளம்பும், விளிம்புக்கு வரும், நிற்கும். பிறகு விளிம்பை ஒட்டியே இடதுபக்கமாக நடக்கும், திரும்பி வலதுபக்கமாக நடக்கும், வழி தேடுகிற மாதிரி. விளிம்பும் வீட்டுப் பின்கதவும் ஒன்றுக்கொன்று எதிரே வருகிற இடத்தில் மட்டும் நெடுநேரம் நிற்கும்.

வேலை தொடங்கிய ஆறாம் நாள் இருளம்மாள் செடியில் ஒரு பட்டையை அறுத்து இழுத்துக் கரையில் போட்டவள், அப்படியே நின்றுவிட்டாள். மகாராஜபுரத்துக்காரி, பத்து ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்ப்பவள். அவள் கைகாட்டிய இடத்தில் காம்புகள் நசுங்கியிருந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாறிமாறி, ஒரே நேர்கோட்டில். ஒவ்வொரு நசுக்கலும் ஒரு சாண் நீளம்கூட இல்லை.

"அண்ணே, இது கொக்கு மிதிச்சதில்ல" என்றாள்.

அவன் அந்தப் பட்டையை மற்றவர்கள் பார்க்குமுன் உருட்டி அந்தப் பக்கம் தள்ளினான். இருளம்மாள் அருவாளைக் கழுவி மரத்தடியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் அவள் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

ஆனாலும் வேலை ஓடியது. திறந்த தண்ணீரில் வானம் தெரிந்தது. எட்டாம் நாள் காலையில் இரண்டு நாரைகள் வந்து இறங்கின. கூலியாட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ராஜரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோலச் சிரித்தார். ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த உடனே அருவாளை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

அன்று சாயங்காலம், மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கி, வீட்டுக்குள் சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் வாடை பரவ ஆரம்பித்த நேரத்தில், முதல்முறையாக வீட்டுக்குள்ளேயே அவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவன் எழுந்துபோய்ப் பின்கதவைச் சாத்தினான். வேலுத்தாய் வந்து திறந்தாள்.

"அத ஏன் சாத்துறீக?"

"கொசு வருது."

"ஒரு வருசமா தொறந்துதான் கெடக்கு." அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். முகத்தைக் கண்மாய்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். "உங்களுக்கும் கேக்குதுல்ல?"

அவன் விளக்குத் திரியைத் தாழ்த்தினான்.

"முன்னெல்லாம் மாசத்துக்கு ஒருக்கா கேக்கும். பொறவு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க அறுக்க ஆரம்பிச்சதுலருந்து அன்னாடம் வாரா. அவ நடக்கதுக்கு எடம் கொறஞ்சுக்கிட்டே வருது. வீட்டுக்கு எப்படி வரணும்னு தெரியாம அலையுதா."

"வேலு, அது ஏதாச்சும் பறவையா இருக்கும்."

"பறவை நம்ம வாசலைப் பாத்து நிக்குமா?"

அவள் குரலில் கோபமில்லை. கெஞ்சலும் இல்லை. அதுதான் அவனைக் கலக்கியது. இப்போது சொல்லிவிடலாம், கொண்டுவந்தது நான், வீசியது நான் என்று காலில் விழுந்துவிடலாம் என்று வாயைத் திறந்தான். வெளியே ஒரு டப். வேலுத்தாயின் முகம் அந்தச் சத்தத்தில் மலர்வதைப் பார்த்தான். ஒரு வருசமாக அவன் பார்க்காத முகம். வாயை மூடிக்கொண்டான்.

பதினோராம் நாள் வேலை முடிந்தபோது கண்மாயின் நடுவில் நெற்களம் அளவுக்கு ஒரே ஒரு திட்டு மிச்சமிருந்தது. சுற்றிலும் மூங்கில் வேலி. கரையிலிருந்து ஒரு கயிறு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் இழுத்துக் கரையேற்றினால் முடிந்தது என்று ராஜரத்தினம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று இழுத்த கடைசிப் பாரம் மட்டும் கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக நேரமில்லாமல் தண்ணீரோரமே குவிந்து கிடந்தது.

இரவு முழுக்க ஆவுடையப்பன் கண்ணை மூடவில்லை. கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துப் பக்கம் வெளுக்கத் தொடங்கியதும் எழுந்து பின்கதவு வழியாக வெளியே வந்தான். தண்ணீர்மேல் பனிமூட்டம் இடுப்பளவுக்கு நின்றது. தண்ணீர் தெரியவில்லை, கரை தெரியவில்லை, கால் வைக்கிற மண்மட்டும் சில்லென்று தெரிந்தது. சேற்று வாடை. நனைந்த மூங்கிலின் வாடை. தவளைகூடக் கத்தவில்லை.

திட்டின்மேல் அது நடந்துகொண்டிருந்தது.

வட்டமாக. விளிம்பை ஒட்டி, சுற்றிச் சுற்றி. டப், டப், டப். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. எங்கும் போக வழியில்லாமல். பிறகு வீட்டுக்கு நேராக வந்து நின்றது.

அவனுக்கும் அதற்கும் நடுவில் அறுபதடி வெறும் தண்ணீர். பதினொரு நாள் பாடுபட்டு அவனே திறந்துவிட்ட தண்ணீர்.

அவனுக்குள் என்ன அறுந்தது என்று அவனுக்கே தெரியாது. முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மூங்கில் வேலியோடு திட்டு அசைந்து, பனிக்குள் மெல்லக் கரையை நோக்கி நகர்ந்து, பாதித் தூரத்தில் எதிலோ சிக்கி நின்றது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. கயிற்றை விட்டுவிட்டுக் குவியலுக்கு ஓடினான். ஈரச்செடிகளை மார்போடு அணைத்து அள்ளினான், தண்ணீரில் எறிந்தான். திரும்பவும் அள்ளினான். சட்டையெல்லாம் சேறு. அள்ளி எறிய எறிய, செடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கரையிலிருந்து ஒரு பச்சை நாக்கு நீண்டுகொண்டே போனது.

பக்கத்தில் யாரோ குனிவது தெரிந்தது. வேலுத்தாய். சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். அவளும் அள்ளினாள்.

இருவரும் மாறிமாறி எறிந்தார்கள். மூச்சு வாங்கியது. அவன் அள்ளியதை நெஞ்சோடு வைத்துக்கொண்டே நின்றான்.

"வேலு. தொட்டியில கெடந்ததை நான் கொளுத்தல. இதுக்குள்ள வீசினது நாந்தான்."

அவள் கை ஒரு கணம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த ஓரத்துல போடுங்க" என்றாள். "அங்க இன்னும் சேரல."

அவன் போட்டான். சேர்ந்தது.

அது வரத் தொடங்கியது.

டப்.

திட்டிலிருந்து இறங்கி, புதிதாகப் போட்ட பாதையில். டப். பனிக்குள் இலைகள் அமுங்கி எழுந்தன. வேலுத்தாய் தண்ணீர் விளிம்பில் முழங்காலிட்டு இரண்டு கையையும் விரித்தாள். அவள் உதடு அசைந்தது. வா தாயி, வா தாயி என்று.

டப். டப்.

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. சீனி நடக்கிற பிள்ளையில்லை. அம்மாவைக் கண்டால் ஓடுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கரைமேல் தலை தெரிந்ததும் பையை எறிந்துவிட்டு ஓடிவருவாள். ஒருநாளும் நடந்து வந்ததில்லை.

இது ஓடவில்லை. அம்மா கை விரித்தது தெரிந்தும் ஓடவில்லை. ஒரே எட்டு. ஒரே இடைவெளி. ஒரே கனம்.

"வேலு, எந்திரி. தள்ளி வா."

டப்.

"வேலு."

அவள் முன்னால் கடைசி இலை அமுங்கியது. அவள் சேலையின் மார்புப் பக்கம் நனைந்தது. பிறகு இடுப்பைச் சுற்றி நனைந்தது, இரண்டு பக்கமும், இரண்டு சின்னக் கைகள் அளவுக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுதாள். அவள் அழுததே ஒரு வருசத்தில் அதுதான் முதல்முறை.

அவள் எழுந்தாள். அவளுடைய வலதுகை கொஞ்சம் தாழ்ந்து, எதையோ பிடித்தபடி இருந்தது. பச்சையின்மேல் கால் வைத்தாள்.

முங்கவில்லை. ஒரு காம்புகூட உடையவில்லை.

அவன் பின்னாலேயே பாய்ந்தான். முதல் எட்டிலேயே பச்சை கிழிந்தது. இடுப்புவரை. அடுத்து நெஞ்சுவரை. கீழே வேர்கள் கணுக்காலைச் சுற்றின. உதறினான். முழங்காலைச் சுற்றின. அவள் பெயரைக் கூப்பிட்டான். பனிக்குள் அவள் முதுகு போய்க்கொண்டிருந்தது, நிதானமாக, பிள்ளையின் நடைக்குத் தக்க சின்னச் சின்ன எட்டாக.

திட்டின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவனுக்கு அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. மலையுச்சியில் வெயில் பட்டுவிட்டது. தனக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தைத் தோளைப் பிடித்துத் திருப்புவதுபோலத் திருப்பிக்கொண்டாள். விரல்களால் வகிடு எடுத்தாள். இல்லாத முடியை மூன்று புரியாகப் பிரித்தாள். பின்ன ஆரம்பித்தாள்.

இலைகள் அவள் மடிக்கு மேலே வந்தன.

"வேலு."

அவள் கேட்கவில்லை. இடுப்பு. மார்பு. ஏதோ சொல்லிக்கொண்டே பின்னினாள், ஆடாம இரு, ஆடாம இரு என்று. கழுத்து. ஊதாப் பூக்கள் அவள் கன்னத்தைத் தொட்டன. அவள் நிறுத்தவில்லை.

முகம் போயிற்று.

கைகள் மட்டும் இலைகளுக்கு மேலே இருந்தன. அவசரமில்லாமல், ஒரு புரியின்மேல் இன்னொரு புரியாக, நுனிவரைக்கும் பின்னிக்கொண்டிருந்தன.